வெர்மான்ட்டின் பள்ளி மாவட்ட இணைப்பு: பள்ளியை மூடும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்?

பதிவு 1 | பேரேடு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மான்ட் மாநிலம், பத்தாண்டு இடைவெளியில் இரண்டாவது முறையாகத் தன் பள்ளி மாவட்டங்களைச் சட்டத்தின் வழியே இணைக்க முனைந்திருக்கிறது. 2015 ஜூனில் அன்றைய ஆளுநர் பீட்டர் ஷம்லின் கையொப்பமிட்ட 46ஆம் எண் சட்டம், ஒரு மாவட்டத்துக்குக் குறைந்தது 900 மாணவர்கள் என்பதை இலக்காக வைத்தது. 2025 ஜூலை 1 அன்று ஆளுநர் பில் ஸ்காட் கையொப்பமிட்ட 73ஆம் எண் சட்டமோ 4,000 முதல் 8,000 மாணவர்கள் கொண்ட மாவட்டங்களைப் பற்றிப் பேசுகிறது. எல்லைகளை வரைந்து தருவதற்காக அந்தச் சட்டம் அமைத்த குழு, 2025 நவம்பரில் கட்டாய இணைப்புக்கான வரைபடம் எதையும் தராமல், ஊர்கள் தாமாக முன்வந்து இணைவதே நல்லது என்று பரிந்துரைத்தது.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் பக்கம் கல்வி மாவட்டம் என்றால் மாவட்டக் கல்வி அலுவலரின் நிர்வாக எல்லை என்றுதான் பொருள். அதை இரண்டாகப் பிரித்தாலும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஊர்மக்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது தனியொரு சிறு அரசு. அதற்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு. வரவு செலவுத் திட்டம் உண்டு. அதன் செலவுக்கேற்பச் சொத்துவரியும் ஏறி இறங்கும். ஆகவே அங்கே மாவட்டத்தை இணைப்பது, நம் ஊரில் இரண்டு ஊராட்சிகளைக் கலைத்து ஒன்றாக்குவதற்கு ஒப்பானது.

வெர்மான்ட்டில் 1990களின் பிற்பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேலிருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது 85,000க்கும் கீழே இறங்கிவிட்டது. அவர்களுக்காக 119 மாவட்டங்கள் இருக்கின்றன. 2024இல் கல்விக்கான சொத்துவரி சராசரியாக 14 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பள்ளி வரவு செலவுத் திட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். மாநிலம் ஏதேனும் செய்தாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இணைப்புதான் அந்த வழியா, அதில் மிச்சமாகும் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதை இங்கே பேச விரும்புகிறேன். கணக்குத் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் எண்களோடு வருபவர்களை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன்.

பதிவு 2 | வெண்பனி

பேரேடு ஐயாவுக்கு வணக்கம். நான் வெர்மான்ட்டில்தான் வசிக்கிறேன். எசெக்ஸ் ஜங்ஷனில் உள்ள சிப் தொழிற்சாலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 46ஆம் எண் சட்டம் வந்த சில மாதங்களிலேயே, 2015 நவம்பரில், எங்கள் பகுதி மக்கள் வாக்களித்து எசெக்ஸ் வெஸ்ட்ஃபோர்டு என்ற இணைந்த மாவட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள்; 2017 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. எங்களுக்கு அது கடினமாக இருக்கவில்லை. எசெக்ஸ் ஊரும் எசெக்ஸ் ஜங்ஷனும் ஏற்கெனவே ஒரே உயர்நிலைப் பள்ளியைப் பகிர்ந்துகொண்டிருந்தன, தூரங்களும் குறைவு. விரைந்து இணைந்தவர்களுக்கு, வீட்டு மதிப்பின் ஒவ்வொரு நூறு டாலருக்கும் முதல் ஆண்டு பத்து சென்ட், அடுத்து எட்டு, ஆறு, நான்கு, இரண்டு என்று ஐந்து ஆண்டுகளுக்கு வீட்டுவரி விகிதத்தில் சலுகையும் கிடைத்தது.

ஆனால் மலைப்பக்கத்து ஊர்களின் நிலை வேறு. மார்ச் மாதத்தில் பனி உருகத் தொடங்கியதும் இங்கே ‘சேற்றுப் பருவம்’ என்று ஒன்று வரும். மண்சாலைகள் களியாகக் குழைந்து, வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். அந்த நாட்களில் பள்ளிப் பேருந்து பல சாலைகளுக்குள் நுழையாது. பெற்றோர்தான் குழந்தையைத் தார்ச்சாலை வரை கொண்டுவந்து விட வேண்டும். என் தோழி ஒருத்தி அப்படிப்பட்ட ஊரில் இருக்கிறாள். ஒருமுறை அவள் வீட்டில் தங்கியிருந்தபோது காலை ஆறரை மணிக்கு அவளுடைய ஆறு வயது மகனோடு நானும் வண்டியில் போனேன். இருட்டு இன்னும் விலகவில்லை. சாலைமுனையில் தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தோம். உள்ளூர்ப் பள்ளி அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே அதை மூடியிருந்தார்கள். பிள்ளை பேருந்துக்குள் ஏறியதும் சன்னலில் நெற்றியை வைத்துத் தூங்கிவிட்டான்.

இதைச் சொல்வதால் இணைப்பே தவறு என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். ஒரே சட்டம் இரண்டு நிலப்பகுதிகளில் எப்படி வேறுவேறாக இறங்குகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

பதிவு 3 | கூடலரசன்

சகோதரி எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்தது. ஆனாலும் இணைப்பின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிறிய பள்ளி என்றாலே நெருக்கமும் பாசமும் என்று பேசுகிறவர்கள், சிறிய மாவட்டத்தின் வறுமையைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அர்கன்சா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையை ஒட்டி லேக் வியூ என்ற சிற்றூர் இருக்கிறது. 1930களில் கறுப்பின உழவர்களைக் குடியமர்த்துவதற்காகக் கூட்டாட்சி அரசு உருவாக்கிய ஊர் அது. அவ்வூர்ப் பள்ளி மாவட்டம் 1992இல் மாநில அரசின் மேல் வழக்குத் தொடுத்தது. மாநிலத்தின் நிதிப் பங்கீடு ஏழை மாவட்டங்களை வஞ்சிக்கிறது என்பது வாதம். வழக்கு விசாரணையில் பதிவான ஒரு காட்சியை நான் மறக்கவே இல்லை. அந்தப் பள்ளியில் உயர்நிலை வகுப்புக் கணிதம் முழுவதையும் ஒரே ஆசிரியர் கற்பித்தார். அவருக்கு ஆசிரியர் தகுதிச் சான்று இல்லை. மாற்று ஆசிரியர் என்ற பெயரில் அவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பளம். பள்ளிப் பேருந்து ஓட்டி இன்னொரு 5,000 டாலர் சம்பாதித்தார். முக்கோணவியல் வகுப்புக்குப் போதிய கால்குலேட்டர்கள் இல்லை, வட்டம் வரையக் கவராயம் இல்லை, இருந்தது ஒரே ஒரு கரும்பலகை, அச்சுப்பொறியும் வேலை செய்யவில்லை.

2002 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கல்வி அமைப்பு முழுவதும் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பதிலாக ஆளுநர் மைக் ஹக்கபி 1,500 மாணவர்களுக்குக் குறைந்த மாவட்டங்களை இணைக்க வேண்டும் என்று முன்வைத்தார். சட்டமன்றம் அதை ஏற்காமல் 350 என்று வைத்து 60ஆம் எண் சட்டத்தை 2004 தொடக்கத்தில் நிறைவேற்றியது. ஆளுநர் கையொப்பமிடாமலேயே அது சட்டமாயிற்று. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350 மாணவர்களுக்குக் கீழே இருக்கும் எந்த மாவட்டமும் தனித்து இயங்க முடியாது என்பது அன்றைய விதி. மாநிலத்தில் 300க்கு மேலிருந்த மாவட்டங்கள் சில ஆண்டுகளில் 250 அளவுக்கு இறங்கின.

அந்தக் கணித ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ‘எங்கள் ஊர், எங்கள் பள்ளி’ என்ற பெருமை அவர்களுக்கு இயற்கணிதத்தைக் கற்றுத் தரவில்லை.

பதிவு 4 | தாழை

கூடலரசன் அவர்களே, கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். லேக் வியூ மாவட்டத்துக்கு என்ன ஆயிற்று? 2004இல் அதே 60ஆம் எண் சட்டத்தின்படி அது கலைக்கப்பட்டு, பக்கத்து பார்ட்டன் லெக்சா மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. நீதி கேட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி வென்றவர்களுக்கு, வென்ற பிறகு மாவட்டமே இல்லை. அவர்கள் கேட்டது தகுதியான ஒரு கணித ஆசிரியரையும் அவருக்குரிய சம்பளத்தையும். கிடைத்ததோ வேறொரு ஊரின் வாரியத்தில் சிறுபான்மை இடம்.

நான் கிராமத்துப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். வறுமையான பள்ளியை வறுமையிலிருந்து மீட்பதும் அதை இல்லாமல் ஆக்குவதும் ஒன்றாக முடியாது. பணம் போதாததால் வந்த குறைக்கு, அளவு போதாததால் வந்த குறை என்று பெயர் சூட்டினால் தீர்வும் தவறாகவே அமையும். அர்கன்சா தீர்ப்புக்குப் பின் அம்மாநிலம் பள்ளி நிதியையும் உயர்த்தியது; ஆசிரியர் சம்பளமும் ஏறியது. பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மை அந்தப் பணத்தால் வந்ததா, இணைப்பால் வந்ததா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இணைப்புக்குப் புகழ் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று. அந்தச் சட்டம் எழுத்தளவில் நிர்வாகத்தை மட்டுமே இணைத்தது, பள்ளிகளை மூடு என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய மாவட்டத்தின் வாரியத்தில் பெரிய ஊருக்குத்தான் வாக்குகள் அதிகம். செலவு நெருக்கும்போது எந்த ஊரின் பள்ளி முதலில் கண்ணில் படும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

பதிவு 5 | பேரேடு

தாழை அம்மா கடைசியாகச் சொன்னது நான் தேடிக்கொண்டிருந்த கணக்குக் கேள்வியைத் தொடுகிறது. சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இணைப்பால் பணம் மிச்சமாகுமா என்பது பற்றிப் பெரிதும் எடுத்தாளப்படும் ஆய்வு, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்கோம்ப், ஜான் யிங்கர் ஆகிய இருவரும் நியூயார்க் மாநிலக் கிராமப்புற மாவட்டங்களை வைத்துச் செய்து 2001இல் முதலில் வெளியிட்டது. தலா 300 மாணவர்கள் உள்ள இரண்டு மாவட்டங்கள் இணைந்தால் செலவு 20 விழுக்காட்டுக்கும் மேல் குறையக்கூடும் என்று கண்டார்கள். தலா 900 மாணவர்கள் என்றால் அது 7 முதல் 9 விழுக்காடாகச் சுருங்குகிறது. தலா 1,500 என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இணைப்பின்போது கட்டடங்களுக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது.

இந்த ஆய்வை வைத்துப் பார்த்தால் 46ஆம் எண் சட்டத்தின் 900 என்ற எண்ணுக்காவது ஓரளவு அடிப்படை இருக்கிறது. 73ஆம் எண் சட்டத்தின் 4,000 முதல் 8,000 என்ற அளவுக்குச் செலவுச் சிக்கனத்தை மட்டும் காட்டி நியாயம் சொல்வது கடினம். பாட வகைகளை விரிவாக்குவது, மாவட்டங்களுக்கு இடையே சமநிலை கொண்டுவருவது போன்ற வேறு காரணங்கள் இருக்கலாம். அப்படியானால் அவற்றைத்தான் முன்னிறுத்த வேண்டும்.

இதில் வெர்மான்ட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுவாக இணைப்பில் முதலில் மிச்சமாவது, மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரின் சம்பளமும் அலுவலகமும். இரண்டு கண்காணிப்பாளர்களுக்குப் பதில் ஒருவர் போதும். ஆனால் வெர்மான்ட்டில் பல ஊர்களின் மாவட்டங்கள் சேர்ந்து ஒரே கண்காணிப்பாளரை வைத்துக்கொள்ளும் ‘மேற்பார்வை ஒன்றியம்’ என்ற ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. 119 மாவட்டங்கள் என்று சொன்னேன் அல்லவா, அவை 52 மேற்பார்வை அமைப்புகளுக்குள் அடக்கம். எனவே எளிதில் மிச்சப்படுத்தக்கூடிய பணத்தை அவர்கள் முன்பே மிச்சப்படுத்திவிட்டார்கள். ஒரே கண்காணிப்பாளர் ஐந்தாறு வாரியங்களின் கூட்டங்களுக்கு மாலைதோறும் ஓடுவதும், ஐந்தாறு வரவு செலவுத் திட்டங்களும் தணிக்கைகளும் தயாரிப்பதும் குறையும்; அது நல்லதுதான். ஆனால் அந்த மிச்சம் சிறியது.

எதிர்ப்பக்கத்தில் ஏறும் செலவுகளும் உண்டு. இரண்டு மாவட்ட ஆசிரியர்களின் ஊதிய ஒப்பந்தங்கள் ஒன்றாகும்போது, குறைந்த ஊதியம் உயர்ந்த ஊதியத்தை நோக்கி ஏறுமே தவிர எதிர்த்திசையில் போகாது. இந்த ஏற்றத்தை நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன். பேருந்து தூரமும் கூடும்.

அப்படியானால் பெரிய தொகை எங்கே மிச்சமாகும்? கட்டடத்தைப் பூட்டினால் மிச்சமாகும். ஆசிரியர் பணியிடங்களைக் குறைத்தால் மிச்சமாகும். வேறு இடமில்லை. அதனால் நான் வந்துசேர்ந்த முடிவு இது: மாவட்ட இணைப்புச் சட்டம் என்பது பெரும்பாலும் தள்ளிவைக்கப்பட்ட பள்ளி மூடல் சட்டம். மூடும் முடிவைச் சட்டமன்றம் எடுப்பதில்லை. அதை எடுக்கும் உரிமையை ஊரிடமிருந்து பெரிய வாரியத்துக்கு மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வாக்காளர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லாததுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பதிவு 6 | சிற்றோடை

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஓர் ஐயம். ஊர்மக்கள் இணைய மறுத்தால் மாநிலம் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியுமா? ஊராட்சிக்குரிய உரிமை என்று எதுவும் அங்கே இல்லையா?

பதிவு 7 | வெண்பனி

முடியும் என்பதுதான் நீதிமன்றத்தின் விடை. 46ஆம் எண் சட்டத்தில் முதல் கட்டம் தன்விருப்பம். சலுகைகள் அந்தக் கட்டத்துக்கானவை. இணையாதவர்கள் தங்கள் தனித்தன்மைக்கான காரணங்களை விளக்கி மாற்றுத் திட்டம் கொடுக்கலாம் என்று சட்டத்தின் 9ஆம் பிரிவு இடமளித்தது. பல ஊர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தன. ஆனால் 2018 நவம்பர் இறுதியில் மாநிலக் கல்வி வாரியம் தன் இறுதித் திட்டத்தை வெளியிட்டபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் தங்கள் விருப்பத்துக்கு மாறாக இணைக்கப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளி வாரியங்கள் வழக்குத் தொடுத்தன. 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பள்ளி மாவட்டம் என்பது மாநிலம் படைத்த அமைப்பு. படைத்தவருக்கு மாற்றவும் உரிமை உண்டு. சட்டப்படி இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

இதில் புதுமையும் இல்லை. 1892 வரை வெர்மான்ட்டில் தெருவுக்கொரு மாவட்டம் என்பதுபோல ஏறத்தாழ 2,500 மாவட்டங்கள் இருந்தன. அந்த ஆண்டுச் சட்டம் அவற்றை ஒழித்து ஊருக்கொரு மாவட்டமாக ஆக்கியது. அதை எதிர்த்தவர்கள் ‘கொடிய சட்டம்’ என்றே அழைத்தார்கள். இன்று ‘எங்கள் ஊர் மாவட்டம்’ என்று நாம் பாதுகாக்க நினைப்பது அந்தக் கொடிய சட்டத்தின் பிள்ளை. இதை நினைத்துப் பார்க்கும்போது என் உறுதி சற்றுத் தளர்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரிப்டனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. பசுமை மலைத்தொடரில் எழுநூறு பேர் அளவில் வாழும் ஊர் அது. கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் தம் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளின் கோடைக்காலங்களைக் கழித்த மரக்குடில் அங்கேதான் இருக்கிறது. 2016இல் மிடில்பரி உள்ளிட்ட மற்ற ஆறு ஊர்களோடு சேர்ந்து ஒரே மாவட்டமாக இணைய ரிப்டனும் ஒப்புக்கொண்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்து, சிறிய பள்ளிகளை மூடும் பேச்சு வாரியத்தில் எழுந்ததும் ஊர் விழித்துக்கொண்டது. 2021 ஜனவரியில் மாவட்டத்தை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்பில் 163 பேர் விலகலாம் என்றும் 107 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். அன்றைய சட்டப்படி மற்ற ஆறு ஊர்களில் ஒன்று மறுத்திருந்தாலும் விலகல் நடந்திருக்காது. ஆறும் மார்ச் மாத ஊர்க்கூட்ட நாளில் இசைவு தந்தன. ஒருவேளை அந்த ஊர்களுக்கும் தங்கள் பள்ளியின் நினைவு வந்திருக்கலாம்.

விலகிய பிறகுதான் உண்மையான பாரம் தெரிந்தது. ஐம்பது பிள்ளைகள் அளவே உள்ள பள்ளிக்குக் கண்காணிப்பாளர் வேண்டும், சிறப்புக் கல்வி ஏற்பாடு வேண்டும், கணக்கு அலுவலகம் வேண்டும், மேல்வகுப்புப் பிள்ளைகளை வேறெங்கோ அனுப்ப வேண்டும். பக்கத்து மலையூரான லிங்கனும் தன் மாவட்டத்தை விட்டு விலகியதால் இரண்டும் சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கப் பார்த்தன. கடைசியில் ரிப்டன் தனித்து நிற்க இயலாது என்று கண்டு பழைய மாவட்டத்துக்கே திரும்பியது. லிங்கன் தனி வழியில் போயிற்று. 2022இல் சட்டமன்றம் விலகுவதற்கான விதிகளையும் மாற்றி எழுதி, நீண்ட ஆய்வைக் கட்டாயமாக்கிவிட்டது.

ரிப்டன்காரர்கள் விலகியதும் தவறில்லை, திரும்பியதும் தவறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தங்கள் பள்ளிக்காக அந்த மக்கள் எத்தனை மாலைகளைக் கூட்டங்களில் கழித்திருப்பார்கள் என்பதை ஊர்க்கூட்டங்களுக்குப் போகிற என்னால் கணக்கிட முடிகிறது.

பதிவு 8 | கூடலரசன்

ரிப்டன் கதையே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று சொன்னால் வெண்பனி அவர்கள் வருந்தக் கூடாது. தனித்து நிற்க இயலாத அளவுக்குச் சிறியதாகிவிட்ட அலகுக்கு முழு அரசின் பொறுப்புகளைக் கொடுத்தால் அது அந்த ஊருக்கே தண்டனையாகிறது.

தாழை அம்மாவுக்கு ஒன்று. லேக் வியூ மக்களுக்கு நடந்தது கொடுமை என்பதை ஏற்கிறேன். கதையை நான் முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெர்மான்ட்டில் பணம் யாருடையது என்பதைப் பாருங்கள். 1997இல் பிரிகம் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், ஏழை ஊர்ப் பிள்ளைக்கும் பணக்கார ஊர்ப் பிள்ளைக்கும் கல்வி வாய்ப்பு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பனிச்சறுக்கு விடுதிகள் உள்ள ஊர் சிறிதளவு வரி விதித்தாலே பெரும்பணம் திரட்ட, பக்கத்து ஊர் இருமடங்கு வரி கட்டியும் பற்றாக்குறையில் தவித்த நிலைக்கு அது முடிவு கட்டியது. அன்று முதல் கல்விக்கான சொத்துவரி மாநிலப் பொது நிதிக்குப் போகிறது. ஊர் எவ்வளவு செலவிடலாம் என்பதை ஊர்மக்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். செலவைத் தாங்குவது மாநிலம் முழுவதும்.

அப்படியிருக்க, ஒரு மலையூர் ஒரு வகுப்பில் ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளியைத் தொடர்ந்தால், அதற்கான பணத்தில் ஒரு பங்கு பர்லிங்டன் நகரத்தில் வாடகை வீட்டில் வாழும் புலம்பெயர் குடும்பத்திடமிருந்தும் வருகிறது. அந்த நகரத்துப் பள்ளியில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு இன்னும் ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். பணம் பொதுவாகிவிட்ட பிறகு முடிவு மட்டும் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது எப்படிப் பொருந்தும்?

பதிவு 9 | தாழை

இந்த இழையிலேயே மிக வலுவான கேள்வி இதுதான், கூடலரசன் தம்பி. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பணம் பொதுவானது என்றால், பள்ளியே இல்லாத ஊர்களின் ஏற்பாட்டையும் இதே தராசில் வைக்க வேண்டும். வெர்மான்ட்டில் பள்ளி நடத்தாத ஊர்கள், தம் பிள்ளைகளின் கட்டணத்தைப் பொதுப்பணத்திலிருந்தே தனியார் பள்ளிகளுக்கும் செலுத்தலாம் என்ற வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. இணைப்புகள் பல இடங்களில் சிக்கியதற்கு அதுவும் காரணம். ஒரே மாவட்டத்துக்குள் ஓர் ஊர் பள்ளி நடத்தும், இன்னோர் ஊர் கட்டணம் கட்டும் என்றால் இணைப்பு நிற்காது; எந்த வழக்கத்தை விடுவது என்ற சண்டையில் அக்கம்பக்கத்து ஊர்கள் முகம் திருப்பிக்கொண்டன. கடைசியில் ஒரே மாதிரியான ஊர்களைத் தேடித் தேடிச் சேர்த்ததில், நிலப்படத்தில் ஒட்டாத மாவட்டங்களும் உருவாயின. சிக்கனத்தின் பெயரால் மலையூரின் சிறு பள்ளியைக் கேள்வி கேட்கிற சட்டமன்றம், அந்தக் கட்டணப் பணத்தைத் தொடும்போது மட்டும் கை நடுங்குகிறது.

முடிவை ஊருக்கு முழுதாக விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறவர் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியை மூடினால் பிள்ளை பேருந்தில் செலவிடும் நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கட்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு வழிக்கு இத்தனை நிமிடம் என்று சட்டத்திலேயே எழுதட்டும். அதை மீறும் இடத்தில் பள்ளி தொடரட்டும். செலவை மாநிலம் ஏற்கட்டும். அது சலுகை ஆகாது, மலையில் வாழ்வதற்கு ஆகும் உண்மையான செலவு.

பதிவு 10 | பேரேடு

சிற்றோடை அவர்கள் கட்டாயம் பற்றிக் கேட்டதற்கு வேறு இரண்டு மாநிலங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

மெய்ன் மாநிலத்தில் ஆளுநர் ஜான் பால்டாச்சி 2007இல் 290 மாவட்டங்களை 26 ஆக்க விரும்பினார். சட்டம் நிறைவேறியபோது இலக்கு 80 ஆகத் தணிந்தது. இணையாதவர்களுக்கு மாநில உதவித்தொகையில் வெட்டு என்று வைத்தார்கள். அதை நீக்கக் கோரிய வாக்கெடுப்பு 2009 நவம்பரில் நடந்தபோது, ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் சட்டம் இருக்கட்டும் என்றே வாக்களித்தார்கள். ஆயினும் 80 என்ற இலக்கை அவர்கள் நெருங்கவே இல்லை. பல ஊர்கள் அபராதத்தைத் தாங்கிக்கொண்டு தனித்தே இருந்தன. பின்னர் விலகலும் தொடங்கியது.

டென்னசியில் நடந்தது இன்னும் பெரிய பாடம். மெம்ஃபிஸ் நகர மாவட்டம் 2011இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு, சுற்றியிருந்த ஷெல்பி மாவட்டத்தோடு இணைந்தது. அதே ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணைப்பைத் தள்ளிவைத்ததோடு, புறநகர்கள் பிரிந்து போகவும் கதவைத் திறந்து வைத்தது. 2013 ஜூலையில் இணைந்த மாவட்டம் செயல்படத் தொடங்கியது. 2014இல் ஜெர்மன்டவுன், காலியர்வில் உள்ளிட்ட ஆறு புறநகர்கள் தங்களுக்கென்று தனி மாவட்டங்களை அமைத்துக்கொண்டு வெளியேறின. ஒரே ஆண்டில் முறிந்த இணைப்பு அது. ஏழை நகரமும் வசதியான புறநகரும் சேர வேண்டிய இடத்தில் சட்டம் வெளியேறும் வழியைக் கொடுத்தது. வெர்மான்ட்டின் மலையூருக்கோ அந்த வழியை நெருக்கியது. யாருக்கு வெளியேறும் உரிமை கிடைக்கிறது என்பதை இனி எந்த இணைப்புச் சட்டத்தைப் படித்தாலும் முதலில் பார்ப்பேன்.

தாழை அம்மாவின் நிமிட வரம்பு எனக்குச் சரியாகப்படுகிறது. 5ஆம் பதிவில் நான் மிச்சத்தை மட்டும் கணக்கிட்டேன், பிள்ளையின் நேரத்தை எந்தத் தலைப்பிலும் எழுதவில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேருந்தில் உட்கார்ந்தால், 175 பள்ளி நாட்களில் அது 175 மணி நேரம். ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வகுப்பு நேரம்.

பதிவு 11 | சிற்றோடை

விளக்கங்களுக்கு நன்றி. வெண்பனி அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும். உங்கள் தோழியின் ஊர்ப் பள்ளியை மூடியபோது அந்த ஊரார் வாக்களித்தார்களா?

பதிவு 12 | வெண்பனி

இல்லை. இதற்கு விடை சொல்வதற்காக நேற்று அவளிடம் மறுபடியும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இங்கே ஊர்கள் இணையும்போது ‘இணைப்பு உடன்படிக்கை’ என்று ஓர் ஆவணம் எழுதுவார்கள். எந்த ஊருக்கு வாரியத்தில் எத்தனை இடம், கட்டடங்கள் யாருக்குச் சொந்தம், பள்ளியை மூட யார் இசைவு வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இது ஊருக்கு ஊர் வேறுபடும். சில உடன்படிக்கைகளில் அந்த ஊர் வாக்களிக்காமல் பள்ளியை மூடவே முடியாது. சிலவற்றில் வாரியத்தின் பெரும்பான்மை போதும். அவளுடைய ஊரின் உடன்படிக்கையில், முதல் நான்கு ஆண்டுகள் ஊராரின் வாக்கு வேண்டும் என்றும் அதன்பின் வாரியமே முடிவெடுக்கலாம் என்றும் இருந்ததாம். இணைப்புக்கு வாக்களித்த இரவில் மக்கள் நினைவில் வைத்துக்கொண்டது ‘ஊராரின் வாக்கு வேண்டும்’ என்ற சொற்களை மட்டுந்தான்.

ஐந்தாம் ஆண்டு வாரியத்தின் கூட்டம் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. அவளுடைய ஊரிலிருந்து அறுபது பேர் வந்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச அனுமதி. அந்தப் பள்ளியில் தானும் தன் அப்பாவும் படித்ததாக ஒரு பால்பண்ணைக்காரர் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். வாரியத்தில் அவர்களுடைய ஊருக்கு ஓர் உறுப்பினர்தான். அவர் ஒருவர் எதிர்த்து வாக்களித்தார்.

புதிய குழு சொன்னபடி தன்விருப்ப இணைப்புக்கான பேச்சு இப்போது அவர்கள் பக்கத்திலும் மறுபடி தொடங்கியிருக்கிறது. இந்த முறை உடன்படிக்கையின் வரைவை வரிக்கு வரி படிக்க ஊர் நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் எட்டுப் பேர் கூடுகிறார்கள். பேரேடு ஐயா, நீங்கள் சொன்ன நியூயார்க் ஆய்வின் எண்களை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் சுருக்கி எழுதித் தர முடியுமா? அடுத்த வியாழனுக்குள் அவளுக்கு அனுப்ப வேண்டும்.

பதிவு 13 | பேரேடு

இன்றிரவே எழுதி அனுப்புகிறேன். கட்டடச் செலவையும் பேருந்து நேரத்தையும் தனித்தனித் தலைப்புகளாக இட்டு, அவர்களே தங்கள் எண்களை நிரப்பிக்கொள்ளும்படி கட்டங்களை வெறுமையாக விட்டு வைக்கிறேன்.